இரவல் நகையும் ஒளித்து வைத்த மாடும்

படிப்புக்குப் பணம் கொடுக்கிறோம் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. கொடுக்கிறவன் முதலில் நம்மை நிற்க வைத்துப் பார்ப்பான். பார்த்து முடித்த பிறகு கொடுத்தாலும் கொடுப்பான், கொடுக்காமலும் போவான். என் தங்கச்சி மகள் காளியாயிக்காக அறுபத்து மூன்றாம் வருஷம் நான் ஏறி இறங்கிய வாசல்களை வைத்துத்தான் சொல்கிறேன். அந்த வாசல்களில் நான் கண்ட ஒரே நல்ல பொருள், என்னோடு கூட வந்த அந்தப் பிள்ளைதான்.

அவளுடைய தகப்பன் கந்தப்பன் அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டான். தாய் வேலாயி எங்கள் திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். ஒரு மாடு வைத்து உத்தியோகத்தர் வீடுகளுக்குப் பால் ஊற்றினாள். காளியாயி விடியுமுன் எழுந்து, அட்டைக் கடியோடு அந்த மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டுவிட்டு, அட்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறுவாள். அப்படிப் படித்தவளுக்குப் பேராதனை யூனிவர்சிட்டியில் இடம் கிடைத்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் அதுவரை ஆண்பிள்ளைகூடப் போகாத இடம்.

படிப்பு இனாம்தான். ஆனால் அங்கே தங்கவும் சாப்பிடவும் பணம் கட்ட வேண்டும். படிப்புத் தவணை தொடங்கும் முன்பே கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்த இடத்தில் வேறு பிள்ளை உட்கார்ந்துவிடும். வேலாயி ஆறு மாதம் கொழுந்து எடுத்தாலும் அந்தத் தொகை வராது.

அரசாங்கம் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் தருகிறது என்று கேள்விப்பட்டு ஓர் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த கிளாக்கர் நல்ல மனுஷன். பிள்ளையின் மார்க்குகளைப் பார்த்து, உட்காருங்கள் என்று எனக்கே நாற்காலி போட்டான். பிறகு இலங்கைப் பிரஜாவுரிமை இருக்கிறதா என்று கேட்டான். அதோடு சரி, இந்தியாவிலிருந்து வந்த சனம் என்று எங்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. என் தகப்பன் இந்த மலையில்தான் பிறந்தான், நானும் இங்கேதான் பிறந்தேன், அதற்குச் சீட்டு எங்கே என்றால் நான் எங்கே போவது? தேயிலைச் செடிக்குக்கூட நட்ட வருஷத்தைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். எங்களுக்கு எழுதவில்லை.

அடுத்தது தோட்டத்துத் தொரை. அவர் சந்தோஷப்பட்டு இங்கிலீஷில் பேசினார். பெரிய கணக்கப்பிள்ளை அதைத் தமிழில் சொன்னார்.

"புள்ள மடுவத்துல ஆயா வேலை காலியா இருக்காம். ஒம் மருமகளுக்குத் தர்றாராம். படிச்ச புள்ளைங்கிறதால சம்பளம் கொஞ்சம் கூடவாம்."

நான் யோசித்தேன். கொழுந்துக்குப் போகிறவர்கள் விட்டுப்போகும் கைக்குழந்தைகளைப் பார்க்கிற வேலை, கையில் வந்தது. காளியாயி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தொரையைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொல்லிக் கும்பிட்டாள். வெளியே வந்ததும் கேட்டேன்.

"என்னா புள்ள சொன்ன?"

"ரொம்ப நன்றி, அந்த வேலைய வேற கஷ்டப்பட்ட பொம்பளைக்குக் குடுங்கன்னு சொன்னேன் மாமா."

"நீ கஷ்டப்பட்டவ இல்லியோ?"

"நான் பேராதனைக்குப் போறவ."

தலவாக்கலையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளியும் தருகிறேன் என்றார். பிள்ளையோடு தான் நிற்கிற படம் பத்திரிகையில் வர வேண்டும் என்றார். அதற்கும் சரி என்றோம். தீபாவளி யாவாரம் முடியட்டும் என்றார். தீபாவளிக்குள் யூனிவர்சிட்டியே தொடங்கிவிடும்.

நான் கைகழுவிவிட்டேன். அவள் விடவில்லை. அட்டன் பள்ளிக்கூடத்து மதரிடம் கேட்டு, யார் யார் எங்கே தருமம் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் என்று எல்லாருக்கும் கார்டு போட்டாள். போட்டதில் பாதிக்குப் பதிலே இல்லை. வந்த பதிலில் பெரும்பாலும் 'வருந்துகிறோம்'. அதை வாசித்துவிட்டு அவள் வருந்தவில்லை. மடித்து அடுப்பில் போட்டுவிட்டு, அந்த நெருப்பிலேயே தேத்தண்ணி வைத்தாள். கடைசியில் கண்டியிலிருந்து ஒன்று வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்காகச் சில வக்கீல்களும் வியாபாரிகளும் சேர்ந்து ஒரு நிதி வைத்திருந்தார்களாம். தாயோடும் ஒரு பெரியவரோடும் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாகக் காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம் என்று நாங்கள் இருக்கிற லயங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மனிதர் முன்னால் ஒருவர் போகிறார் என்றால் அவர் வெறுமனே போக மாட்டார். கோர்ட்டுக்குப் போகிறவனுக்கு ஒருவன் கோட்டுக் கொடுப்பான், இன்னொருவன் குடை கொடுப்பான். பெண் பார்க்க வரும் வீட்டில் பத்துக் காம்பராவின் பித்தளைச் சாமான் வந்து உட்கார்ந்திருக்கும். போகிறவர் குறைந்துபோனால் லயமே குறைந்துபோன மாதிரி. கண்டிக்குப் போகிற அன்று காலையில் வேலாயியின் காம்பராவுக்குள் பெண்கள் புகுந்துவிட்டார்கள்.

ராசம்மா தன் அட்டியலை எடுத்துக் காளியாயியின் கழுத்தில் வைத்தாள். "மூளிக் கழுத்தா போயி நின்னா நம்ம தோட்டத்தையில்ல கேவலமா பேசுவாங்க."

"வேணாம்க்கா. அவங்க மார்க்கத்தான் பாப்பாங்க."

"மார்க்கு பெட்டிக்குள்ள கெடக்கும். கழுத்துத்தான் வெளிய தெரியும். சும்மா நில்லு புள்ள."

அம்மாக்கண்ணு தோட்டைக் கழற்றியபடி சிரித்தாள். "ஏன்டி ராசம்மா, மாப்பிள்ள பாக்கவா போறா?"

"மாப்பிள்ளைய சம்மதிக்க வைக்கிறது லேசுடி. இது பணம் குடுக்கிறவன்."

வீரம்மா இரண்டு கெட்டி வளையல் போட்டாள். எனக்கு இராமையா அண்ணன் தன் கறுப்புக் கோட்டைக் கொடுத்தார். தோள் இறுக்கம். இருந்தாலும் போட்டுக்கொண்டேன். காளியாயி என்னைப் பார்த்தாள், நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று. நான் ஏன் சொல்ல வேண்டும்? எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. பிச்சைக்காரி மாதிரி போனால் பிச்சைக்காசு தருவான் என்று நினைத்தேன்.

கண்டியில் ஒரு மாடி வீடு. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். தடித்த வக்கீல் ஒருவர். வாயே திறக்காத ஒரு மொத்தக்கடை முதலாளி. கண்ணாடி போட்ட வயதான அம்மா ஒருத்தி. மரியநாயகி டீச்சர் என்றார்கள், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவராம். வக்கீல் மார்க்குகளைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அப்புறம் காளியாயியின் கழுத்தைப் பார்த்தார், காதைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பேப்பரை மூடி வைத்துவிட்டார்.

"அம்மா, இது ஏழைப் பிள்ளைகளுக்கான நிதி."

"நாங்க ஏழைதாங்க ஐயா" என்றாள் வேலாயி.

"கழுத்தில கிடக்கிறத வித்தாலே ரெண்டு வருஷம் படிக்கலாம். உண்மையிலேயே இல்லாத பிள்ளை எத்தனையோ வெளியில நிக்குது."

கோட்டுக்குள் எனக்கு வேர்த்து ஊற்றியது. நான் வாயைத் திறக்குமுன் காளியாயி அட்டியலைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவசரமே இல்லை, வீட்டில் கழற்றி வைக்கிற மாதிரி.

"இது எங்க லயத்து ராசம்மா அக்காவோடது ஐயா." தோட்டைக் கழற்றினாள். "இது அம்மாக்கண்ணு அக்காவோடது. வளையல் வீரம்மா அத்தையோடது. மாமா போட்டிருக்கிற கோட்டு இராமையா பெரிய மாமாவோடது."

மூன்று பேரும் என் கோட்டைப் பார்த்தார்கள். நல்லவேளை, வேட்டியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

வக்கீல் லேசில் விடுகிற ஆள் இல்லை. "இவ்வளவும் கழற்றிக் குடுக்கிற சனம் பணமும் குடுக்குமே. அவங்ககிட்டயே கேக்கிறதுதானே?"

"கேட்டா குடுப்பாங்க ஐயா" என்றாள். "வித்துக்கூடக் குடுப்பாங்க. அதனாலதான் அவங்ககிட்ட கேக்காம இங்க வந்தேன்."

மொத்தக்கடை முதலாளி முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். வக்கீல் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்தார். "நல்லாத்தான் பேசுற. ஆனா எங்களுக்கு நிச்சயம் வேணும்."

"நான் போய்ப் பாத்துட்டு வாறேன்" என்றார் மரியநாயகி டீச்சர். "வீட்டைப் பாத்தா தெரிஞ்சுபோயிடும்."

திரும்பி வரும்போது பேராதனை ஸ்டேஷனில் ரயில் நின்றது. காளியாயி ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. எனக்கு ஆத்திரம்.

"கொஞ்சம் அழுதிருந்தா என்னா? அந்தக் கண்ணாடியம்மா எளகியிருப்பாங்க."

"அழுதா குடுப்பாங்களா மாமா?"

"குடுப்பாங்க."

"அழுது வாங்கினா, வருசா வருசம் போயி அழணுமே."

வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பத்தொன்பது வயதில் இந்தப் பேச்சு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று டீச்சர் கார்டு போட்டிருந்தார். காளியாயி அவரை அழைத்து வரத் தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் நான் வேலையில் இறங்கினேன்.

"தங்கச்சி, அன்னைக்கு நகையப் பாத்துட்டுப் பணக்காரின்னாங்க. இன்னைக்கு ஒரு சாமான் கண்ணுல படக் கூடாது."

லயம் முழுக்க எனக்கு ஒத்தாசை. குத்துவிளக்கு ராசம்மா காம்பராவுக்குப் போனது. பித்தளைக் குடமும் தவலையும் அம்மாக்கண்ணு வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போயின. கோழியைக் கூடையில் போட்டு மூடினோம். வேலாயி ஒட்டுப் போட்ட சேலையைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டாள். மாட்டை நானே மலையில் நான் இருக்கிற மேல் டிவிசனுக்கு ஓட்டிப்போய் என் காம்பராவுக்குப் பின்னால் கட்டினேன். அது சும்மா வரவில்லை. வழியெல்லாம் முரண்டு பிடித்து, ஒரு திருப்பத்தில் என்னை மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் தள்ளி முழங்கைத் தோலை உரித்துவிட்டது. போகட்டும். திரும்பி வந்து பார்த்தபோது காம்பராவில் ஒரு சட்டியும் கிழிந்த பாயும்தான் இருந்தன. எனக்குத் திருப்தி. அவ்வளவு ஏழ்மையை நானே அதற்கு முன் பார்த்ததில்லை.

டீச்சர் குடையோடு மேடேறி வந்தார். மூச்சு வாங்கியது. காளியாயி உள்ளே காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெறும் சுவரைப் பார்த்தாள், தாயின் சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

டீச்சர் பலகையில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார். "மாடு ஏதும் இருக்கா?"

"இல்லீங்க" என்றேன்.

"வாசல்ல சாணி கிடக்கே, பச்சையா."

"அது பக்கத்து லயத்து மாடுங்க. வந்து போட்டுட்டுப் போயிரும்."

"டீச்சர்" என்றாள் காளியாயி. "மாடு எங்களுதுதான். காலையில இங்கதான் நின்னுச்சு. இந்த வீட்டுல கொடம் இருக்கு, வெளக்கு இருக்கு, கோழி இருக்கு. எல்லாத்தையும் எங்கயோ வச்சிருக்காங்க. மாமா, மாடு எங்க?"

கதவோரம் நின்ற ராசம்மாதான் என் பெயரோடு சொல்லிவிட்டாள்.

"மேல் டிவிசன்ல, சோலமலை அண்ணன் காம்பராவுக்குப் பின்னால நிக்குது. நான் சொன்னேன், இதெல்லாம் வேணாம்னு."

சொல்லவே இல்லை. குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு போனதே அவள்தான். இப்போது அதே கையோடு ஓடிப்போய் விளக்கைக் கொண்டுவந்து இருந்த இடத்தில் வைத்தாள். அம்மாக்கண்ணு குடத்தைத் தூக்கி வந்தாள். ஒருத்தி பின் ஒருத்தியாக டீச்சருக்கு முன்னாலேயே வீட்டை நிரப்பினார்கள். கோழியைக் கூடையிலிருந்து திறந்துவிட்டதும் அது நேராக டீச்சரின் மடியில் ஏறியது.

டீச்சர் கோழியைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் ஐயா மறைச்சீங்க?"

"நகையோட வந்தோம், பணக்காரங்கன்னீங்க. மாட்டப் பாத்தா பண்ணக்காரங்கம்பீங்கன்னு நெனச்சேன்" என்றேன். இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். எப்படி இருந்தால் கொடுப்பார்கள் என்று கொடுக்கிறவர்களே முதலில் சொல்லிவிட்டால் நாம் ஏன் மலையேறி மாடு கட்டப்போகிறோம்?

டீச்சர் சிரிக்கவில்லை. காளியாயியைப் பார்த்துச் சொன்னார்: "நீ சும்மா இருந்திருந்தா நான் ஒண்ணுமில்லாத வீடுன்னு எழுதியிருப்பேன். உதவி கிடைச்சிருக்கும். இப்ப மாடு இருக்குன்னு எழுதணும். வக்கீல் அதத்தான் முதல்ல வாசிப்பார்."

வேலாயி வாயைப் பொத்திக்கொண்டாள். பேராதனையே அந்தக் காம்பராவை விட்டு வெளியே போவது மாதிரி எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை, பிள்ளை ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும்.

"எழுதுங்க டீச்சர்" என்றாள். "காலையில எவ்வளவு கறக்குது, பின்னேரம் எவ்வளவு கறக்குது, யார் யார் வீட்டுக்கு ஊத்துறோம், எல்லாம் சொல்றேன். அந்த மாட்டாலதான் நான் அட்டனுக்கு பஸ் ஏறினேன். அது இல்லன்னு சொன்னா, நான் எப்படிப் படிச்சேன்னு ஒங்ககிட்ட வேற கதையில்ல சொல்லணும்?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வேறு பக்கமாகக் கேட்டார்.

"நீ போயிட்டா அதுக்குப் புல் யார் அறுக்கிறது? அம்மா மலையில கொழுந்து எடுத்துட்டு வந்து, இருட்டில புல்லுக்குப் போவாங்களா? போக மாட்டாங்கன்னா மாடு போயிடும். மாடு போனா இந்த வீடு எப்படி ஓடும்? நீ பாதியில படிப்ப விட்டுட்டு வந்தா நிதிப் பணமும் வீண்."

கெட்டிக்காரி. நான் அதுவரை யோசிக்காத கேள்வி. காளியாயியும் யோசிக்கவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தாயைப் பார்த்தாள். தாய் தரையைப் பார்த்தாள்.

"நான் அறுப்பேன்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். காளியாயி குனிந்து கோழியை விரட்டினாள். விரட்டிக்கொண்டே சொன்னாள்:

"மாமாவ அந்த மாடு நம்பாது டீச்சர்."

"நானும் அத நம்பல" என்று முழங்கையைக் காட்டினேன். "இருந்தாலும் அறுப்பேன். தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தி புடிச்ச கை. புல்லு எம்மாத்திரம்?"

அப்போதுதான் டீச்சர் சிரித்தார். "ஐயா, நீங்க யாரையுமே நம்ப மாட்டீங்களோ?"

"இந்தப் புள்ளைய நம்புவேனுங்க. தாய்மாமன்னும் பாக்காம என்னையே காட்டிக் குடுத்தா பாத்தீங்களா? ஒங்க பணத்துக்குக் கணக்குக் கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவா."

டீச்சர் தேத்தண்ணி குடித்துவிட்டு, லயத்துக் கடைசி வரை நடந்து எல்லாரிடமும் ஏதோ கேட்டுவிட்டுப் போனார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நல்லவர்கள் எழுதுவதைக் கெட்டவர்கள் வாசிப்பார்கள், உலகம் அப்படி.

மூன்றாம் வாரம் பதில் வந்தது. தங்குகிற செலவும் சாப்பாட்டுச் செலவும் நிதி கட்டும், ஒவ்வொரு வருஷமும் பாஸ் பண்ண வேண்டும், புத்தகமும் துணிமணியும் எங்கள் பொறுப்பு. அதை வாசித்துவிட்டுப் பிள்ளை துள்ளுவாள் என்று பார்த்தேன். புல் கத்தியை எடுத்து என் கையில் கொடுத்து, எந்தக் கானோரம் எந்தப் புல் இருக்கும், எதை மாடு தொடாது என்று மலை முழுக்க நடத்திக் காட்டினாள்.

பேராதனைக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். எழுதித் தந்தார்கள் என்பதற்காகக் கட்டிவிட்டார்கள் என்று அர்த்தமா? பொம்பளப் பிள்ளைகள் தங்குகிற கட்டடத்து ஆபீஸில் போய் நின்று, சிங்களத்தில் கிளாக்கரிடம் கேட்டேன், இந்தப் பிள்ளைக்குச் சல்லி வந்ததா, பணம் கட்டியாயிற்றா என்று.

"ஒக்கோம கெவலா" என்றான். எல்லாம் கட்டியாகிவிட்டது.

நான் மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னான். பெயரைச் சொல்லிக் கேட்டேன். பெயரைச் சொல்லிச் சொன்னான்.

"மாமா, இன்னொருக்கா கேட்டீங்கன்னா அவரு அடிக்க வந்துருவாரு" என்றாள் காளியாயி. "போங்க, ரயில் போயிரும்."

"நாளைக்கு இல்லம்பான். அப்ப நான் தோட்டத்துல இருப்பேன், நீ தனியா நிப்ப."

"இல்லன்னா நான் கேக்க மாட்டேனா?"

கேட்பாள்தான். தகரப் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லாம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். காரில் வந்திறங்கிய பிள்ளைகள். அவர்களுக்கு நடுவில் போய் நின்று, மேலே போகிற படி எது என்று கேட்டாள். தன் பெயரைச் சொன்னாள். காளியாயி என்று முழுசாக, சத்தமாக. ஒருத்தி சிரித்தாள். இவளும் சிரித்துவிட்டுப் படியேறினாள்.

மேலே போனதும் திரும்பிப் பார்ப்பாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். பார்க்கவில்லை. அதுதான் சரி என்று ஸ்டேஷனுக்கு நடந்தேன்.